நேற்று என்ன சாப்பிட்டனீங்கள்? உழைக்கும் வயதினரின் உணவைக் கணக்கெடுப்பது பற்றி வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தராசு, உயரம் அளக்கும் பலகை, படிவக்கட்டு, நாலைந்து அகப்பை. இவற்றைத் தூக்கிக்கொண்டு கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கக் கிராமங்களுக்கு உணவுக் கணக்கெடுப்புக்குப் போய்வருகிறேன். ஊர் மாறினாலும் படலையில் வைத்துக் கேட்கும் கேள்விகள் மாறுவதில்லை. எங்களோடு புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளும் பயிற்சியின் இரண்டாம் மூன்றாம் நாளில் அதையேதான் வேறு சொற்களில் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

வேலை செய்யிற வயசு எண்டால் எத்தினை வயசிலயிருந்து எத்தினை மட்டும்?

பொதுவாக 15 முதல் 64 வரை. ஆனால் ஒவ்வொரு கணக்கெடுப்பும் தன் தேவைக்கு ஏற்றபடி வேலியைத் தள்ளிப் போடும். இலங்கையின் தொழிற்படை அளவீடு 15 வயதில் தொடங்கும், மேலே எல்லை வைப்பதில்லை. தொற்றா நோய்களுக்கான ‘ஸ்டெப்ஸ்’ ஆய்வு 2015இல் இங்கே 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களை எடுத்தது. பெண்களின் உணவு வகைகளை எண்ணும் கணக்கு 15 முதல் 49 வரை. ஆகவே இரண்டு அறிக்கைகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட முன்னர் வயது எல்லையைப் பாருங்கள். ‘வளர்ந்தோர்’ என்று இரண்டிலும் போட்டிருக்கும், உள்ளே இருக்கும் ஆட்கள் வேறு.

பிள்ளையளை நிறுக்கிறது சரி. வளந்து முடிஞ்ச எங்களை ஏன் நிறுக்கிறியள்?

குழந்தைக்குப் பிறந்த நாள் முதல் வளர்ச்சி அட்டை இருக்கிறது. கர்ப்பிணித் தாய்க்கு ஓர் அட்டை. மருத்துவமாது நிறை பார்ப்பார், 1973இலிருந்து திரிபோஷா என்ற சத்துமாவும் கொடுக்கிறார்கள். வயது போனவர்களிடம் கிளினிக் கொப்பி இருக்கும். இடையில் ஒரு நாற்பது வருஷம் இருக்கிறதே, வரம்பு கட்டி, மூட்டை தூக்கி, ஆடைத் தொழிற்சாலைக்கு விடியப்புறம் பஸ் ஏறி வீட்டைக் கொண்டு நடத்துகிற வருஷங்கள், அந்த ஆளுக்கு ஓர் அட்டையும் கிடையாது. வயலில் மயங்கி விழுந்தால்தான் அந்த உடம்பை யாராவது அளப்பார்கள்.

வன்னிக்கு இன்னொரு காரணமும் உண்டு. போரால் நாட்டின் கணக்குகளில் நாங்கள் நெடுங்காலம் இருக்கவில்லை. 1981க்குப் பிறகு நாடு முழுவதையும் எண்ணிய குடிசன மதிப்பு 2012இல்தான் நடந்தது. 2006/07 குடித்தொகை, சுகாதார ஆய்வு வட மாகாணத்தை விட்டுவிட்டு நடந்தது. 2009/10 வீட்டு வருமான, செலவின ஆய்வில் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மூன்றும் இல்லை. அந்தக் காலத்தில் பதினைந்து, இருபது வயதாக இருந்தவர்கள்தான் இன்று உழைக்கும் வயதின் நடுவில் நிற்கிறார்கள். அன்று என்ன உண்டார்கள், எவ்வளவு நிறை இருந்தார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஆய்வுகளில் இவர்களுடைய வரிகளே இல்லை. இன்றையதையாவது எழுதி வைக்க வேண்டாமா?

நேற்றுச் சாப்பிட்டதை மட்டும் கேக்கிறியள். ஒரு நாளிலை என்னத்தைக் கண்டுபிடிக்கப் போறியள்?

இந்த முறைக்கு 24 மணிநேர நினைவு மீட்டல் என்று பெயர். ‘வழக்கமாக என்ன சாப்பிடுவீர்கள்’ என்று கேட்டால் எல்லோரும் தங்களுடைய நல்ல நாளைச் சொல்வார்கள். நேற்று என்றால் அது ஒரேயொரு நாள், அடுப்பில் வைத்த சட்டி இன்னும் கழுவாமல் கிடக்கும், ஞாபகமும் இருக்கும்.

ஐந்து சுற்றாகக் கேட்போம். முதல் சுற்றில் குறுக்கே பேசாமல் அவர் சொல்வதை எழுதுவோம். இரண்டாவதில் மறக்கக்கூடியவற்றை நினைவூட்டுவோம்: தேத்தண்ணி, கடி, பழம், தண்ணீரில் கரைத்துக் குடித்தது, கறியை உப்புப் பார்க்க நக்கியது. மூன்றாவதில் நேரமும் இடமும். நான்காவதில் அளவும் சமைத்த விதமும். ஐந்தாவதில் எழுதியதைத் திருப்பி வாசித்துக் காட்டுவோம். முதல் சுற்றில் ‘காலமை புட்டு, மத்தியானம் சோறு, இரவு ரொட்டி, வேறொண்டுமில்லை’ என்று முடித்த அக்கா, ஐந்தாம் சுற்று முடியும்போது ஐந்து தேத்தண்ணி, கடையில் வாங்கிய பணிஸ் ஒன்று, பிள்ளை மிச்சம் வைத்த அரை முட்டை, வேலியோரம் பிடுங்கிய கொய்யாக்காய் எல்லாம் சேர்த்திருப்பார். அவர் முதலில் பொய் சொல்லவில்லை. எங்கள் சனத்துக்குச் சாப்பாடு என்றால் கோப்பையில் போட்டு உட்கார்ந்து உண்பது, மற்றதெல்லாம் கணக்கில்லை.

புதிய பிள்ளைகளுக்கு ஒன்று: ‘காலமைச் சாப்பாடு என்ன?’ என்று கேட்காதீர்கள். சாப்பிடாத ஆளுக்கு அது குற்றம் சாட்டுவது போல இருக்கும், உடனே ஒரு ரொட்டியைக் கற்பனையில் சுட்டுத் தருவார். ‘எழும்பினாப் பிறகு முதல் முதல் வாயிலை வைச்சது என்ன?’ என்று கேளுங்கள். ‘அதுக்குப் பிறகு?’ என்று மட்டும் தொடருங்கள்.

எங்கட வீட்டிலை கிராம் கணக்கு இல்லை. சுண்டாலை அளந்துதான் உலையிலை போடுறது.

அதுவே போதும். ஆனால் உங்கள் சுண்டைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். பல வீடுகளில் சுண்டு என்பது பழைய பால்மாப் பேணி. ஒரு வீட்டில் பெரியது, அடுத்த வீட்டில் சின்னது. ஒருவர் வழித்து அளப்பார், இன்னொருவர் குவித்து அளப்பார். அதனால் உங்கள் பேணியில் உங்கள் அரிசியை நீங்கள் வழக்கமாகப் போடுவது போலப் போட்டுத் தரச் சொல்லி நிறுப்போம். கறிக்கு உங்கள் அகப்பை, சொதிக்கு உங்கள் கரண்டி. தண்ணீர் ஊற்றி அளப்பதும் உண்டு. கோழிக்கும் நாய்க்கும் போட்ட மிச்சத்தைக் கழிப்போம்.

படிவத்தில் பிழை அதிகம் வருவது அரிசியா சோறா என்ற இடத்தில். 100 கிராம் அரிசியில் சுமார் 350 கிலோகலோரி இருக்கிறது. 100 கிராம் சோற்றில் சுமார் 130தான், மிச்சம் உறிஞ்சிய தண்ணீர். ‘அரை கிலோ சாப்பிட்டார்’ என்று எழுதிவிட்டு எதுவென்று எழுதாவிட்டால், அந்த ஆளின் நாள் கிட்டத்தட்ட மூன்று மடங்கு தவறிப்போகும். பயிற்சி முடித்த ஒரு தம்பி முழு ஊருக்கும் இப்படி எழுதிக்கொண்டு வந்ததும், இரண்டு நாள் திரும்பிப் போய்க் கேட்டதும் எங்கள் குழுவில் இன்னும் சொல்லிச் சிரிக்கிற கதை. அப்போது ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

தேத்தண்ணியும் சாப்பாடோ பிள்ளை?

சீனி போட்டால் சாப்பாடுதான். ஒரு தேக்கரண்டி சீனி நாலைந்து கிராம். பேணிக்கு மூன்று கரண்டி, நாளுக்கு ஐந்து பேணி என்றால் 60 கிராமுக்கு மேல், 240 கிலோகலோரிக்குக் குறையாது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை, மொத்தச் சக்தியில் சீனி 10 வீதத்துக்குக் கீழே. 2,000 கிலோகலோரி உண்ணும் ஒருவருக்கு அது 50 கிராம். கட்டைப்பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தால் அதுவும் இதே கணக்கில் சேரும். கோபிக்காதீர்கள்.

தேத்தண்ணியால் இன்னொரு வேலையும் நடக்கிறது. சோறு தின்ற கையோடு குடித்தால் இலைக்கறியிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுப்பதைக் குறைத்துவிடும். அதனால்தான் எத்தனை பேணி என்பதோடு எத்தனை மணிக்கு என்றும் கேட்கிறோம். தேசிக்காய் பிழிந்தீர்களா என்று கேட்பதும் இதற்குத்தான், அது இரும்பை ஏற்றுக்கொள்ள உதவும்.

நாங்கள் வெள்ளிக்கிழமை மச்சம் காய்ச்சுறேல்லை. நீங்கள் சனிக்கிழமை வந்து கேட்டால் மீனே தின்னாத குடும்பம் எண்டு எழுதிப்போடுவியளோ?

உங்கள் வீட்டை மட்டும் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். ஆனால் கிழமையின் ஏழு நாளும் சம அளவில் வரும்படி வீடுகளைப் பிரித்துப் போவதுதான் ஒழுங்கு. உங்கள் வெள்ளிக்கிழமையும் அடுத்த ஒழுங்கையில் ஒருவரின் ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்து ஊரின் கிழமை வரும். வற்றாப்பளைப் பொங்கலோ மடுத் திருவிழாவோ வந்தால் அதையும் தள்ளுவதில்லை, விசேஷ நாள் என்று குறித்துக்கொள்வோம்.

ஒரு பங்கு ஆட்களிடம் இரண்டாம் தரமும் போவோம், அடுத்தடுத்த நாளில் போகமாட்டோம். ஒரே ஆளின் இரண்டு நாளுக்கு இடையில் எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று தெரிந்தால், அந்த ஆட்டத்தைக் கழித்துவிட்டு மக்களின் வழக்கமான உணவைக் கணிக்கலாம். சோறு நாளுக்கு நாள் அதிகம் மாறாது. உயிர்ச்சத்து ஏ அப்படியில்லை: ஒரு நாள் பூசணியும் பப்பாசியும், பிறகு ஒரு கிழமைக்கு ஒன்றும் இராது.

வந்ததும் வந்தியள், அறுவடை முடிஞ்ச கையோட வந்திருக்கிறியள். ஐப்பசி, கார்த்திகையிலை வந்து பாத்திருக்க வேணும்.

இதைக் கேட்ட ஐயாவுக்கு என்னிடம் முழுப் பதில் இருக்கவில்லை, ஏனென்றால் அவர் சொன்னது சரி. காலபோக நெல் மாசி, பங்குனியில் வீட்டுக்கு வரும். விதைப்புக் காலத்தில் கையில் காசும் இராது, பெட்டியில் நெல்லும் இராது, வேலை மட்டும் மிகக் கடுமை. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களில் தண்ணீர் வற்றும்போது ஜப்பான் மீன் (திலாப்பியா) மலிவாக வரும். மழைக்குக் கடல் கொந்தளித்தால் முல்லைத்தீவுக் கரையில் மீன் குறையும். பாலைப்பழம், வீரைப்பழம் வரும் காலம் வேறு.

நல்ல ஆய்வு வருஷம் முழுக்கப் பரப்பி நடத்தப்படும். பணம் ஒரே மாதத்தில் செலவாக வேண்டிய ஆய்வு அப்படி நடவாது. ஆகவே அறிக்கையில் எந்த மாதம் எடுத்தார்கள் என்பதை முதலில் தேடுங்கள்.

உண்மையைச் சொன்னால் அஸ்வெசுமவை வெட்டிப் போடுவினமோ?

இல்லை. அஸ்வெசும என்ற நலன்புரிக் கொடுப்பனவுக்கான பதிவு வேறு, இது வேறு. புள்ளிவிபரத்துக்காக எடுப்பது பெயரில்லாமல் எண்ணாக மாறி, நூற்றுக்கணக்கானவர்களோடு கூட்டப்பட்டுத்தான் வெளியே போகும். கிராம சேவையாளருக்கும் உங்கள் படிவத்தைக் காட்டமாட்டோம்.

சனம் இதை நம்பத் தயங்குவதில் எனக்குக் கோபம் இல்லை. முப்பது வருஷமாக வெள்ளை வாகனத்தில் வந்தவர்கள் எல்லோரும் பட்டியல்தான் எழுதினார்கள். சிலதற்குத் தகரம் கிடைத்தது, சிலதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால்தான் வாகனத்தைச் சந்தியில் விட்டுவிட்டு நடந்து போகச் சொல்கிறேன்.

என்னை ஏன் பிடிச்சு வைச்சுக் கேக்கிறியள்? அவர் வரட்டும், அவரைக் கேளுங்கோவன்.

வீட்டில் உள்ள உழைக்கும் வயதினரின் பெயர்களை வயது வரிசையில் எழுதி, முன்கூட்டியே போட்ட அட்டவணைப்படி ஒருவரைத் தெரிவோம். 1949இல் லெஸ்லி கிஷ் என்ற புள்ளியியலாளர் தந்த வழி இது. உங்கள் பெயர் விழுந்தால் நீங்கள்தான், அவருடைய பெயர் விழுந்தால் அவர்தான். யார் வீட்டில் இருக்கிறாரோ அவரைக் கேட்டுவிட்டுப் போனால் எங்கள் கணக்கு முழுக்க வீட்டுப் பெண்களாகத்தான் இருக்கும். கடலுக்குப் போனவர், மேசன் வேலைக்குப் போனவர், தொழிற்சாலைப் பிள்ளைகள் ஒருவரும் வரமாட்டார்கள். அவர்களுடைய உணவுதான் வெளியில், கடைப் பார்சலாகவும் ரோல்ஸாகவும் போகிறது.

அதனால் இருட்டிய பிறகும் ஞாயிற்றுக்கிழமையும் திரும்ப வருவோம். மூன்று முறை வந்தும் ஆள் இல்லையென்றால் ‘கிடைக்கவில்லை’ என்று எழுதுவோம். பக்கத்து வீட்டு ஆளைப் போட்டு நிரப்புவது களவு.

வீட்டுச் சாமான், செலவுக் கணக்கு ஏற்கனவே எடுக்கினம்தானே. அதை ஆளுக்கு ஆள் பிரிச்சால் முடிஞ்சுது.

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் வீட்டு வருமான, செலவின ஆய்வைச் சொல்கிறீர்கள். அதில் ஒரு வீடு ஒரு கிழமையில் என்னென்ன உணவு வாங்கியது, விளைந்ததில் என்ன எடுத்தது என்று வரும். விலைக்கும் வறுமைக் கோட்டுக்கும் அது அவசியம். 2002 ஆய்வை வைத்துக் கணித்த அதிகாரபூர்வ வறுமைக் கோடு, ஆளுக்கு நாளொன்றுக்கு 2,030 கிலோகலோரி என்ற தேவையின் மேல்தான் கட்டப்பட்டது.

ஆனால் அந்தக் கணக்கு சட்டியோடு நின்றுவிடும், கோப்பைக்கு வராது. ஒரு கிலோ மீனை ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 200 கிராம் என்று கணக்கு சொல்லும். உழைத்துவிட்டு வந்த அவருக்கு நடுத்துண்டு, பிள்ளைகளுக்கு அடுத்தது, கடைசியாகச் சட்டியை வழித்துச் சோறு போட்டுக் குழைத்து உண்ணும் அம்மாவுக்குக் குழம்பும் தலைத்துண்டும். எங்கள் வீடுகளில் இதை ஒருவரும் அநியாயம் என்று நினைப்பதில்லை, அம்மாவே நினைப்பதில்லை. ‘எனக்குத் தலைதான் விருப்பம்’ என்பார். எத்தனையோ அம்மாமாருக்கு மீன் தலை விருப்பமாக இருப்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். ஆளாளாகக் கேட்டால் மட்டுமே இது தெரியவரும்.

உலக உணவுத் திட்டக்காரர் வந்து பத்து நிமிசத்திலை கேட்டுட்டுப் போனவை. நீங்கள் ஏன் ஒரு மணித்தியாலம்?

அவர்கள் கேட்டது உணவு நுகர்வுப் புள்ளி. கடந்த 7 நாளில் எட்டு வகை உணவில் எதை எத்தனை நாள் உண்டீர்கள் என்று மட்டும் கேட்பார்கள். இறைச்சி, மீன், முட்டைக்கு 4, பாலுக்கு 4, பருப்பு வகைக்கு 3, சோறு, மா, கிழங்குக்கு 2, மரக்கறிக்கும் பழத்துக்கும் ஒவ்வொன்று, சீனிக்கும் எண்ணெய்க்கும் அரை. நாளால் பெருக்கிக் கூட்டினால் வீட்டுக்கு ஒரு புள்ளி வரும்.

2022இல் விலைகள் ஏறிய வேகத்துக்கு அப்படியொரு கருவிதான் வேண்டியிருந்தது. கொழும்பு விலைச் சுட்டியில் அந்த வருஷம் செப்டெம்பரில் உணவு விலையேற்றம் 94.9 வீதம். ஒரு மணித்தியாலப் படிவத்தோடு சுற்றிக்கொண்டிருந்தால் முடிவு வருவதற்குள் சனம் பட்டினி கிடந்திருக்கும். ஆனால் அந்தப் புள்ளி அளவைச் சொல்லாது. மேலே சொன்ன அம்மாவின் கோப்பையும் அதில் இல்லை.

அஞ்சு வகை சாப்பிட்டால் காணும் எண்டு கிளினிக்கிலை சொன்னவை. உண்மையோ?

அது 15–49 வயதுப் பெண்களுக்கான கணக்கு. உணவைப் பத்து வகையாகப் பிரிப்பார்கள்: தானியமும் கிழங்கும், பருப்பு வகை, கச்சான், எள்ளு போன்றவை, பால், மீன் இறைச்சி, முட்டை, கடும்பச்சை இலை, மஞ்சள் செம்மஞ்சள் நிறக் காய்கனி, மற்ற மரக்கறி, மற்றப் பழம். நேற்றைய நாளில் இவற்றில் குறைந்தது ஐந்து வகை வந்திருக்க வேண்டும். சோறு, பருப்பு, ஜப்பான் மீன் குழம்பு, முருங்கையிலை வறை, கத்தரிக்காய் என்றால் ஐந்து வந்துவிட்டது. காலையில் சம்பலோடு புட்டு, மதியம் சோறும் பூசணிக்காயும், இரவு திரும்பப் புட்டு என்றால் வயிறு நிறைந்திருக்கும், வகையோ மூன்றைத் தாண்டாது.

ஏமாற்றும் இடங்கள் உண்டு. ஒரு மேசைக்கரண்டிக்கு, அதாவது 15 கிராமுக்குக் குறைந்தால் எண்ணப்படாது. தேத்தண்ணியில் கலக்கும் பால்மா பால் வகையில் சேராது, சம்பலில் போடும் ஒரு நுள்ளு மாசிக்கருவாடு, மீன் வகையில் சேராது. தேங்காய்ப்பால் கொழுப்புக் கணக்கில் போகும். மறுபக்கம், சனம் சொல்லாமல் விடுவதும் இந்த இடத்தில்தான். முசுட்டை, பொன்னாங்காணி, குறிஞ்சா எல்லாம் காசு கொடுத்து வாங்காததால் ‘ஒரு கறியும் இல்லை, இலைதான்’ என்பார்கள். அந்த இலைக்கு ஒரு முழு வகை இருக்கிறது.

ஐந்து வகை உண்ட ஒருத்திக்கு எல்லாச் சத்தும் கிடைத்துவிட்டது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஊரில் எத்தனை வீதம் பெண்கள் ஐந்தைத் தொட்டார்கள் என்பதற்கே இந்தக் கணக்கு.

நான் மெலிவுதான். எண்டாலும் ஒரு ஏக்கரைத் தனியக் கொத்துவன். என்னைப் போய் நிறை குறைவு எண்டு எழுதுறியளே?

கிலோவில் நிறையை, மீற்றரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடற்திணிவுச் சுட்டி வரும். 18.5க்குக் கீழே குறைவு. 160 சென்ரிமீற்றர் உயரத்துக்கு 45 கிலோ என்றால் 17.6. உங்களால் கொத்த முடியாது என்று அது சொல்லவில்லை. ஒரு காய்ச்சல் வந்து ஒரு கிழமை படுத்தால் எடுத்துச் செலவழிக்கச் சேமிப்பு இல்லை என்று சொல்கிறது.

மறுபக்கமும் உண்டு, இப்போது அதுதான் கூட. அதே உயரத்துக்கு 60 கிலோ என்றால் 23.4. உலக எல்லை 25 என்றாலும் ஆசிய உடம்புக்கு 23இலிருந்தே நீரிழிவு, இதய நோய் ஆபத்து ஏறத் தொடங்குகிறது. அதோடு இடுப்புச் சுற்றையும் அளப்போம்: எல்லை ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றர். மெலிந்த காலும் கையும் உள்ள, வயிறு மட்டும் வைத்த ஆட்களைச் சுட்டி பிடிக்காது, நாடா பிடிக்கும். ஒரே வீட்டில் அவர் 18க்குக் கீழேயும் அவ 27க்கு மேலேயும் இருப்பது வன்னியில் புதினமில்லை.

தராசைப் பற்றி ஒரு சொல். மெழுகிய மண் தரையில் வைத்தால் தராசு சாயும், பிழை காட்டும். என் முதல் வருஷத்தில் ஓர் ஊரே இரண்டு கிலோ கூடிப்போனது. அதிலிருந்து ஒரு பலகைத் துண்டு எப்போதும் பையில் இருக்கிறது.

எனக்கு ஒரு கால் இல்லை. தராசிலை ஏறினால் சரியா வருமோ?

நேரே எழுதினால் சரியாக வராது. திருத்தி எழுதினால் வரும். உங்களை ‘அளக்க முடியாதவர்’ என்று தள்ளிவிட்டுப் போவதுதான் பெரிய பிழை. சில படிவங்களில் அப்படியொரு பெட்டியே அச்சடித்து வருகிறது. வன்னியில் அந்தப் பெட்டிக்குள் போடக்கூடிய ஆட்கள் எத்தனை பேர் என்று படிவம் தயாரித்தவருக்கு ஒருவரும் சொல்லவில்லைப் போலும்.

உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் நிறையில் ஒரு பங்கு உண்டு. முழுக்கால் சுமார் 16 வீதம், முழங்காலுக்குக் கீழே பாதத்தோடு 5.9, முழுக்கை 5, பாதம் மட்டும் 1.5. செயற்கைக் காலைக் கழற்றிவிட்டு நிறுத்து, வந்த நிறையை மிச்சமுள்ள பங்கால் வகுக்க வேண்டும். உயரம் 165, நிறை 50 கிலோ, முழங்காலுக்குக் கீழே இல்லாத ஒருவருக்கு நேரே கணக்குப் போட்டால் 18.4, ‘குறைவு’. 50ஐ 0.941ஆல் வகுத்தால் 53.1 கிலோ, சுட்டி 19.5, அவர் சாதாரணம். நிமிர்ந்து நிற்க முடியாதவர்களுக்குக் கையை விரித்து அளந்து உயரத்தைக் கணிக்கலாம். உடம்பில் சன்னத்துண்டு இருக்கிறது, அது நிறையைக் கூட்டாதா என்று ஓர் அண்ணா கேட்டார். தராசு காட்டும் அளவுக்குக் கூட்டாது. அவர் பகிடிக்குத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

வாயாலை எல்லாம் சொல்லியாச்சு. பிறகு விரலிலை ஏன் குத்துறியள்?

சாப்பிட்டது வேறு, உடம்பு பிடித்துக்கொண்டது வேறு. ஒரு துளி இரத்தத்தில் ஈமோகுளோபின் பார்ப்போம். பெண்ணுக்கு ஒரு டெசிலீற்றருக்கு 12 கிராம், கர்ப்பிணிக்கு 11, ஆணுக்கு 13. இதற்குக் கீழே என்றால் குருதிச்சோகை. இரும்புக் குறைவு மட்டுமே காரணம் என்று உடனே முடிவெடுக்க முடியாது; பரம்பரையாக வரும் தலசீமியாக் கூறும் பூச்சித் தொல்லையும் நாட்பட்ட நோயும் இதே போலக் காட்டும். விரல் குளிர்ந்திருந்து பிதுக்கி எடுத்தாலும் குறைவாகக் காட்டும், எனவே அவசரப்படுத்தாதீர்கள், கையைத் தேய்த்துச் சூடாக்கித் தருகிறேன்.

உப்புக்கு இதைவிடக் கரைச்சல். கருவாடு, ஊறுகாய், கறிக்குக் கையால் அள்ளிப் போடும் உப்பு, எதையும் ஒருவராலும் அளந்து சொல்ல முடியாது. 24 மணிநேரச் சிறுநீர் முழுவதையும் சேர்த்து அதில் சோடியம் பார்ப்பதுதான் நம்பத்தக்க வழி. எல்லை நாளுக்கு 5 கிராம் உப்பு, ஒரு தேக்கரண்டி. போத்தலைக் கொண்டு வயலுக்குப் போகச் சொன்னால் சனம் சிரிக்கிறது, ஆனால் கொண்டுவந்து தருகிறது.

கமக்காரனுக்கும் கந்தோரிலை இருக்கிறவனுக்கும் ஒரே கணக்கோ?

இல்லை. 40 வயது, 60 கிலோ ஆண் ஒன்றும் செய்யாமல் படுத்திருந்தாலே நாளுக்குச் சுமார் 1,560 கிலோகலோரி செலவாகும். கடையில் இருந்து வியாபாரம் செய்தால் அதை 1.5ஆல் பெருக்குவோம், 2,340. மண்வெட்டியோடு நாள் முழுக்க நின்றால் 2.1ஆல், கிட்டத்தட்ட 3,280. அதே உடம்பு, 900க்கு மேல் வித்தியாசம். அதனால்தான் உணவைக் கேட்கும் நாளிலேயே வேலையையும் கேட்கிறோம். பெண்களிடம் கேட்கும்போது தண்ணீர் அள்ளியது, விறகு வெட்டியது, நெல்லுக் குற்றியது எல்லாம் வேலையாக எழுதப்பட வேண்டும். ‘வீட்டிலை சும்மாதான்’ என்பார்கள். அப்படியே எழுதினால் பிழை உங்களுடையது.

குடிக்கிறதையும் சொல்லவேணுமோ?

வேண்டும். மதுசாரத்தின் ஒவ்வொரு கிராமுக்கும் 7 கிலோகலோரி உண்டு. மனைவிக்கு முன்னால் கேட்கமாட்டோம்.

சனம் பொய் சொன்னால் உங்கட கணக்குக்கு என்ன பெறுமதி?

மறதியும் கூச்சமும்தான் பெரும்பாலும், பொய் குறைவு. உதவி வரும் என்று நினைப்பவர் குறைத்துச் சொல்வார். மானத்துக்குப் பயந்தவர் ‘நல்லாச் சாப்பிடுறம்’ என்று கூட்டிச் சொல்வார். உடம்பு பெருத்தவர் தின்றதைக் குறைப்பார், இது உலகம் முழுக்க உள்ளது. பாரமான ஐதரசனும் ஒட்சிசனும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து, உடம்பு எவ்வளவு சக்தியைச் செலவழித்தது என்று சிறுநீரிலிருந்து கணிக்கும் முறை ஒன்று உண்டு. அதோடு ஒப்பிட்டபோதுதான் சொன்ன உணவு உண்மையைவிடக் குறைவாகவே வருகிறது என்று உறுதியானது. விலை அதிகமானதால் ஊர் ஊராகச் செய்ய முடியாது.

நாங்கள் செய்வது கமக்காரன் கேள்விக்குப் போட்ட கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பது. நிறை மாறாமல் நிற்கும் ஒருவர், படுத்திருக்கத் தேவையானதைவிடக் குறைவாகவே நாள்தோறும் உண்கிறார் என்று படிவம் சொன்னால் படிவம் பிழை. அதைக் கிழித்தெறிவதில்லை, குறித்து வைத்து, இருந்தால் என்ன முடிவு, எடுத்தால் என்ன முடிவு என்று இரண்டையும் பார்ப்போம்.

கிளிநொச்சியிலை இருபது வீட்டைக் கேட்டுட்டு வன்னி முழுக்க இப்பிடி எண்டு சொல்லலாமோ?

சொல்லக்கூடாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான், ஆனால் எல்லாச் சோறும் ஒரே தண்ணீரில் வெந்திருக்க வேண்டும். கொக்கிளாய்க் கரையும் ஏ9 வீதிக் கடைத்தெருவும் கட்டுக்கரைக்குளத்துக்குக் கீழே உள்ள வயல் ஊரும் ஒரே பானையில்லை.

ஒரு வீதத்தை 5 வீதம் முன்பின்னாக அறிய, ஒழுங்காகக் குலுக்கி எடுத்த 384 பேர் போதும் என்பது பாடப் புத்தகக் கணக்கு. ஆனால் நாங்கள் ஓர் ஊரில் இறங்கினால் பக்கம் பக்கமாகப் பல வீடுகளை எடுக்கிறோம், அவர்கள் உணவும் ஒத்திருக்கும். அதனால் இரண்டு மடங்கு எடுத்தால் 768. இது வன்னியை ஒன்றாகச் சொல்ல. நான்கு மாவட்டத்துக்கும் தனித்தனி எண் வேண்டுமென்றால் 3,000க்கு மேல். நாட்டு அறிக்கையில் ‘வட மாகாணம்’ என்று ஒரே வரியாக வந்தால் அதில் யாழ்ப்பாணத்தின் நிழல்தான் பெரிதாக விழும், ஆள்தொகை அங்கேதான் கூட.

சராசரி நல்லா இருக்கு எண்டு செய்தியிலை சொன்னவை. பிறகென்ன குறை?

ஒரு வீட்டில் அவர் நாளுக்கு 3,000 கிலோகலோரி, அவ 1,500. சராசரி 2,250. அந்த அளவை அந்த வீட்டில் ஒருவரும் சாப்பிடவில்லை. அறிக்கையில் சராசரியைத் தாண்டி, தேவைக்குக் கீழே எத்தனை வீதம் பேர் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆண், பெண், தொழில், மாதம் என்று பிரித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். பிரிக்காவிட்டால் கேளுங்கள், கேட்டால் சில வேளை தருவார்கள்.

எல்லாம் எழுதிக்கொண்டு போறியள். எங்களுக்கு என்ன கிடைக்கும்?

அன்றே ஒரு துண்டு கிடைக்கும்: உங்கள் உயரம், நிறை, இடுப்பு, ஈமோகுளோபின், இரத்த அழுத்தம் பார்த்திருந்தால் அதுவும். சிவப்பால் வட்டம் போட்டிருந்தால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குக் கொண்டுபோங்கள். 35 வயது கடந்த பெண்கள் சுகவனிதையர் கிளினிக்கிலும் காட்டலாம். காசு வராது, பொதியும் வராது, அதை முதலே சொல்லிவிடுகிறேன். துண்டைக் கூரைத் தகட்டில் செருகாதீர்கள், கறையான் தின்றுவிடும். அடையாள அட்டையோடு பொலித்தீன் பையில் வையுங்கள். இரண்டாம் தரம் வரும்போது அதைத்தான் முதலில் கேட்பேன்.